சர்ட்டிபிகேட் வயசு

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எடையில்தான் பொய் சொல்வார்கள். படிவத்தைக் கொடுத்ததும் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்சம் தயங்கும். பிறகு பத்து பவுண்டைக் குறைத்து எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஸ்டேப்ளரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். வயதில் யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரே ஒருவர் எழுதினார், அவர் என் வீட்டுக்காரர். அது பொய் என்று அவர் நினைக்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

கடை கலிபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில் இருக்கிறது. ஒரு பக்கம் பல் டாக்டர், இன்னொரு பக்கம் இந்திய மளிகை, நடுவில் எங்கள் ஸ்கீ கடை, பனியில் சறுக்குகிற கட்டைகளையும் பூட்ஸையும் விற்கிற, வாடகைக்கு விடுகிற கடை. பனியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மூன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும், ஆனாலும் நவம்பர் பிறந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. கிரீன் கார்டு வந்த வருஷம், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தேன். முதலில் வாடகை பூட்ஸ்களுக்குள் மருந்து அடிக்கிற வேலை, பிறகு படிவங்கள். நான் ஈரோட்டில் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவள். எந்தச் சரக்கு ஓடும், எது மூலையில் கிடந்து தூங்கும் என்பது தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்கார அம்மாள் இரண்டே சீசனில் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அறுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்தப் படிவத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூட்ஸை ஸ்கீயோடு சேர்த்துப் பிடிக்கிற பூட்டுக்கு பைண்டிங் என்று பெயர். ஆள் விழுந்தால் அது தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். லேசாக வைத்தால் ஓடும்போதே கழன்றுவிடும். இறுக்கி வைத்தால் விழுந்தாலும் விடாது. ஸ்கீ ஒரு பக்கம் திரும்பும், கால் எலும்பும் அதோடு சேர்ந்து திரும்பும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு எங்கள் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. எடை, உயரம், பூட்ஸின் நீளம், எவ்வளவு வேகமாகப் போவீர்கள், எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக வயது. ஐம்பதைத் தொட்டவர் என்றால் ஒரு வரி மேலே போய் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். ஐம்பதுக்குப் பிறகு எலும்பு பழைய எலும்பு இல்லை என்பது அவர்கள் கணக்கு. எழுதியதை நாங்கள் திருத்த மாட்டோம். சந்தேகம் இருந்தால், இது சரிதானா என்று ஒரு முறை கேட்க வேண்டும். கேட்காமல் விடுவது பெரிய தப்பு.

நான் சொல்லப் போகிறது நடந்த மாசி மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு ஐம்பது முடிந்து பத்து மாதம். பாஸ்போர்ட்டில் நாற்பத்தெட்டு.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது என் மாமனார் இரண்டு வயதைக் குறைத்துப் போட்டுவிட்டார். பின்னாளில் அரசாங்க வேலைக்குப் போகும்போது வயது வரம்பு இடிக்கக் கூடாது என்ற முன்யோசனை. தேதியை ஹெட்மாஸ்டரே ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாளாம். அரசாங்க வேலைக்கு இவர் ஒரு மனுகூடப் போடவில்லை என்பது வேறு விஷயம். நிஜத் தேதி ஜாதகத்தில் இருந்தது. பொருத்தம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஜாதகம் என்பதால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். சித்திரையில் நான் பாயசம் வைப்பேன், ஜூனில் ஆபீசில் கேக் வெட்டுவார்கள். இரண்டையும் முகம் மாறாமல் சாப்பிடுவார்.

ஊரில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே வந்த பிறகு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. விசா, கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் என்று எல்லாவற்றிலும் ஜூன் ஒன்று ஏறிவிட்டது. அந்த வருஷம் அவருக்கு சிட்டிசன்ஷிப் இண்டர்வியூவுக்குத் தேதி வந்திருந்தது, மார்ச் கடைசியில். அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: அரசாங்கத்துக்கு எப்போதாவது தவறான தகவல் கொடுத்திருக்கிறீர்களா? சாப்பாட்டு மேஜையில் அதை அவர் என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார். பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. டாக்டரிடம், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரிடம், நண்பர்கள் வீட்டு கொலுவில், எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த உத்தரவு இருபது வருஷப் பழசு, தேதி வந்தவுடன் புதுசாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் மலைப் பயணம் வந்தது. ஸ்கீ தயாரிக்கிற கம்பெனிகள் அடுத்த குளிர்காலத்துச் சரக்கை இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கடைக்காரர்களுக்குக் காட்டிவிடும். தீபாவளி ஜவுளியை ஆனி மாதமே பார்த்து ஆர்டர் கொடுப்பதுபோல. ஆனால் ஜவுளியை மடியில் விரித்துப் பார்க்கலாம், ஸ்கீயை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினால்தான் தெரியும். அதனால் டாஹோ ஏரிப் பக்கம் மலை மேலேயே கூடாரம் போட்டு அழைப்பார்கள். கடைக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டி வரலாம். கடைக்கார அம்மாளுக்கு முழங்கால் சரியில்லை, எனக்குச் சறுக்கவே தெரியாது. நடுத்தரமாகச் சறுக்குகிற ஒருவர் வேண்டும், உன் வீட்டுக்காரரைக் கூட்டி வா என்றார். இவர் சான் ரமோன் ஆபீஸ் ஆட்களோடு நான்கு குளிர்காலம் போய் வந்தவர். மற்றவர்கள் பார்வைக்கு நடுத்தரம், அவர் பார்வைக்கு முதல்தரம்.

கடைக்கார அம்மாளின் வேனில் விடிந்ததும் கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஏறியதும், தலையைத் திருப்பாமலே, அடுத்த சீசன் கொள்முதலை என்னிடம் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். இன்று எதை எடுப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முன்சீட்டில் இருந்த இவர் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், முகமெல்லாம் பெருமை.  இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வேலையை ‘என் வேலை’ என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவள் நான். அது அன்றைக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நின்றது.

மலை ஏற ஏற எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. எந்த வருஷமோ பற்றிய காட்டுத் தீயில் கருகிய மரங்கள் சாலையின் இரண்டு பக்கமும் மைல்கணக்காக நின்றுகொண்டிருந்தன, கிளை இல்லாமல், வெறும் கம்பமாக. கீழே வெள்ளைப் பனி, மேலே கறுப்புக் கம்பம். மூன்று நாள் முன்பு பனி மேல் மழை பெய்து இறுகியிருந்தது. இன்றைக்கு மறுபடி பனி வரும் என்று வழியில் பலகை மின்னிக்கொண்டே வந்தது. நல்ல பனி கிடைக்கும் என்று இவர் சொன்னார். 

கூடாரத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஸ்கீகளெல்லாம் கறுப்பு உறை போட்டு வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. போட்டோ எடுக்கக் கூடாது என்று போன்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். கம்பெனிப் பிரதிநிதி ஒவ்வொரு உறையாக உருவினார். பெண்களுக்கு ஒன்று, ஆரம்பக்காரர்களுக்கு ஒன்று, ஆழமான பனிக்கு அகலமாக ஒன்று. நான் கையால் வளைத்துப் பார்த்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைசியாக உருவியது அந்த வருஷத்தின் பெரிய சரக்கு. மாதிரி என்பதால் பெயர்கூட அச்சிடவில்லை, நுனியிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு. உள்ளே இரண்டு உலோகத் தகடு. பனிக்கட்டியில் ஓரத்தைச் சாய்த்தால் பிடித்த பிடியை விடாது என்று பிரதிநிதி மூன்று முறை சொன்னார். நடுத்தரமானவர்களுக்கு இது அதிகம் என்று நான் நோட்டில் எழுதினேன். எழுதி முடித்துத் தலையைத் தூக்கினால் இவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சரி, ஓட்டட்டும் என்றார் கடைக்கார அம்மாள். அடுத்த மேஜையில் பைண்டிங்கைச் சரிசெய்கிற டெக்னீஷியன் படிவத்தை நீட்டினார். எனக்கு மனப்பாடமான அதே படிவம். அதைத் தலைகீழாகவே படித்தேன். எடை சரி. உயரத்தில் அரை இன்ச் கூட்டியிருந்தார். எப்படிச் சறுக்குவீர்கள் என்பதில் மூன்றாவதை, வேகமானதை, டிக் செய்தார். வயது: நாற்பத்தெட்டு. எழுதும்போது பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“ஏங்க, அது சர்ட்டிபிகேட் வயசுங்க. இதுக்கு நிஜ வயசு போடணும்.”

“எனக்கு ஒரே வயசுதான்.”

“இது கவர்மெண்ட் ஃபார்ம் இல்லீங்க. ஐம்பதுன்னா டைட்டைக் குறைப்பாங்க.”

“இண்டர்வியூக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்ட பேப்பர்ல ரெண்டு வயசு இருக்கக் கூடாது. நீ சும்மா இரு.”

டெக்னீஷியன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் கேட்டார். எனக்கு இடது பக்கம், கை தொடுகிற தூரத்தில், கடைக்கார அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். விருந்தாளி என்பதால் படிவத்தின் அடியில் கடை ஆள் ஒருவர் சுருக்கொப்பம் போட வேண்டும். கடைக்கார அம்மாள் பேனாவை என்னிடம் கொடுத்தார், இனி நீதான் என்பதுபோல. போட்டேன். டெக்னீஷியன் அட்டவணையில் விரலை ஓட்டி, திருகைத் திருப்பி, எண் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு வரி குறைத்து வைத்திருக்க வேண்டும், குறைக்காத எண்ணிலேயே அது நின்றது.

இவர் கம்பியில் தொங்கிப் போகிற நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து மேலே போனார். கறுப்பு ஸ்கீ இரண்டும் காலடியில் ஆடிக்கொண்டே போயின. சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். அரை மணியில் வந்துவிடுவார் என்று நோட்டைத் திறந்தேன்.

பனி தொடங்கியது. லேசான பனி இல்லை, ஈரம் கோத்த கனமான பனி, ஊறவைத்து இடித்த அரிசி மாவு மாதிரி. அதில் சிக்கினால் ஸ்கீ நகராது. பிரதிநிதி பூட்ஸ், ஹெல்மெட், கண்ணாடி என்று காட்டிக்கொண்டே போனார், நான் எண்களை எழுதினேன். அட்டவணையில் ஒரே ஒரு வரிதானே என்று சொல்லிக்கொண்டேன். வேகமாக விழுந்தால் எப்படியும் திறந்துவிடும். மெதுவாக, திருகிக்கொண்டு விழுவதுதான் ஆபத்து. இதைக் கடையில் எத்தனை பேருக்கு என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அரை மணி ஆனது. காற்று அதிகம் என்று மேல் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். நாற்பது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு சிவப்பு ஜாக்கெட்டும் இவராகத் தெரிந்தது. ஓடிப் போய் டெக்னீஷியனிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன, திருகு மலை மேல் இருக்கிறது.

மலைக் காவலர்கள் அவரைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். போர்வைக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. உயிர் இருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்றுதான் ஒரு பெண்டாட்டி கேட்க வேண்டும். ஸ்கீ கழன்றதா என்று கேட்டேன். இல்லை, நாங்கள்தான் கையால் கழற்றினோம் என்றார் காவலர், மெதுவாகத்தான் விழுந்திருக்கிறார். சொல்லிவிட்டு என் சட்டையில் குத்தியிருந்த கடைப் பெயர் அட்டையைப் பார்த்தார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும்.

அந்த ஒரு வரிதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மூன்றாவதை டிக் செய்தது காரணமாக இருக்கலாம், ஈரப் பனி இருக்கலாம், அந்த ஸ்கீயே இருக்கலாம். எனக்கு மட்டும் சந்தேகமில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இடது கால் எலும்பு முறுக்கிப் பிளந்திருக்கிறது, உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகிறது, பாதத்துக்கு ரத்தம் போவது குறைகிறது, சீக்கிரம் திறந்து சரிசெய்ய வேண்டும் என்றார். தாமதித்தால் பாதம் பழையபடி வராது. கட்டைவிரலைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. வலிக்கு ஏற்றிய மருந்தில் இவர் பாதி மயக்கத்தில் இருந்தார். ஆபரேஷனுக்குத் தள்ளிப் போகும் முன் நர்ஸ் வந்து, பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொரு ஊசிக்கும் கேட்கிற வழக்கமான கேள்விதான்.

இவர் நிஜத் தேதியைச் சொன்னார். சித்திரை மாதத் தேதியை, சரியான வருஷத்தோடு, தெளிவான இங்கிலீஷில்.

நர்ஸ் கைப்பட்டையைப் பார்த்தார். லைசென்ஸைப் பார்த்து எழுதிய பட்டை அது, ஜூன் ஒன்று. மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னார், கொஞ்சம் பெருமையாகக்கூட. நர்ஸின் முகம் மாறியது. விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று என்னிடம் கேட்டார். பிறந்த தேதி தெரியாமல் பேசுகிறார், தலையை ஸ்கேன் எடுக்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது, டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பினார். இருபது வருஷத்தில் தன் வயதைப் பற்றி அவர் இந்த நாட்டில் சொன்ன முதல் நிஜம், அது மூளையில் அடிபட்டதற்கு அடையாளமாகப் போய்விட்டது.

ஆமாம், குழம்பியிருக்கிறார் என்று நான் சொல்லியிருந்தால் ரகசியம் பத்திரமாக இருந்திருக்கும். ஸ்கேன் முடிகிறவரை கால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கை இன்னும் அந்தக் குளிர்ந்த விரலின் மேல் இருந்தது. நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் குழம்பவில்லை, தலையில் அடிபடவில்லை, அவருக்கு இரண்டு பிறந்தநாள், இப்போது சொன்னதுதான் நிஜம், பட்டையில் இருப்பது பள்ளிக்கூடத்தில் போட்டது என்றேன்.  போலீஸ் வரும் என்றுகூட நினைத்தேன்.

நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரர். ஓ, எங்கள் அம்மாவுக்கும் இரண்டு இருக்கிறது என்றார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். எங்களுக்கு லைசென்ஸில் இருப்பதுதான் வேண்டும், மயக்க மருந்து டாக்டருக்கு மட்டும் நிஜ வயதைச் சொல்லிவிடுகிறேன் என்றார். அடுத்த கேள்வி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன பிறகு அந்த நடைபாதையில் நின்று அழுதேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். இவ்வளவு லேசான ஒன்றைத்தான் இவ்வளவு காலம் தூக்கிச் சுமந்தோமா என்று எரிச்சலாக வந்தது.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். பாதம் பிழைத்தது, முழுசாக இல்லை. படி இறங்கும்போது இடது கட்டைவிரல் இன்றும் நிமிராமல் தரையை உரசும். அந்தச் சத்தம் மாடியிலிருந்து கேட்டால் நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். மார்ச் கடைசியில் ஊன்றுகோலோடு இண்டர்வியூவுக்குப் போய் வந்தார். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆபரேஷனுக்கு அடுத்த நாள் காலையைப் பற்றி. வெளியே வெயில் அடித்தது, மலையெல்லாம் கண் கூசியது. கடைக்கார அம்மாளிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது: நலமாகட்டும், அவசரமில்லை, உன் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஆர்டரை நீயே போடு. அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். இவர் தெளிவாக விழித்திருந்தார். நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். 

“நர்ஸ்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதில்ல,” என்றார். “அந்த டென்ட்ல ஏன் சொல்லல? நான் ஆயிரம் சொல்லுவேன். எனக்கு அந்த சார்ட் தெரியாது. உனக்குத் தெரியும்.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நீங்கள்தானே வாயை மூடச் சொன்னீர்கள் என்று பிடித்துக்கொண்டிருப்பேன், அது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் நிஜம் அது இல்லை. அவர் சொல்லி எத்தனையோ தடவை நான் கேட்காமல் இருந்திருக்கிறேன். இண்டர்வியூவும் அந்த நேரத்தில் என் ஞாபகத்தில் இல்லை. அந்தக் கூடாரத்தில் எனக்கு ஞாபகம் இருந்தது ஒன்றுதான்: கொள்முதலை ஒப்படைக்கப் போகிறவர் பார்க்க, என் வீட்டுக்காரர் படிவத்தில் பொய் எழுதியிருக்கிறார், அவருடைய சர்ட்டிபிகேட்டெல்லாம் பொய் என்று சொன்னால், இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளா என் கடைக்கு வாங்கப் போகிறாள் என்று நினைப்பாரே. அதற்காகத்தான் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவர் காலைவிட அந்த வேலை பெரிதாக இருந்தது.

“பயமா இருந்துச்சுங்க,” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. ஊசி குத்திய கையை மெதுவாக நகர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னை இவ்வளவு பயமுறுத்தி வெச்சிருக்கேன் பாரு, இத்தனை வருஷமா,” என்றார். “தப்பு என்னோடதுதான்.”

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.